பாலியெம் பள்ளத்தாக்கு: மேலே விமானம், கீழே போர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இந்தப் பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது?

நியூகினித் தீவின் மேற்குப் பாதியில், இந்தோனேசியாவின் கையில் இருக்கும் பப்புவாவில். தீவின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு மலைத்தொடர் ஓடுகிறது. சிகரங்கள் 4,000 மீட்டரைத் தாண்டும். அந்த மலைகளுக்கு நடுவே யாரோ ஒரு தாம்பாளத்தை வைத்துவிட்டுப் போன மாதிரி, சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் தட்டையாக ஒரு பள்ளத்தாக்கு, அதன் குறுக்கே வளைந்து வளைந்து போகும் பாலியெம் ஆறு. கடற்கரையிலிருந்து நடந்து வரப் பார்த்தால் முதலில் சதுப்பு, அப்புறம் காடு, அப்புறம் செங்குத்து, எல்லாவற்றுக்கும் மேலே மேகம். அங்கே வாழ்கிறவர்கள் டானி மக்கள். இன்று அங்கே இருக்கும் பெரிய ஊர் வமெனா. 2022இல் பிரிக்கப்பட்ட மலைநாட்டுப் பப்புவா மாகாணத்துக்கு அதுதான் தலைநகர்.

இதை 1938இல் ஒரு அமெரிக்கர் கண்டுபிடித்தார் என்று படித்தேன். சரியா?

ஐம்பதாயிரம் பேர் குடும்பம் குட்டியோடு வாழ்ந்துகொண்டிருந்த இடத்தை யாரும் "கண்டுபிடிக்க" முடியாது. ஆனால் நடந்தது சுவாரசியமானதுதான். ரிச்சர்ட் ஆர்ச்போல்ட் என்ற பணக்கார அமெரிக்கர், விலங்கியலில் பித்துப் பிடித்தவர், செடிகளும் எலிகளும் பறவைகளும் சேகரிக்க 'கூபா' என்ற கடல் விமானத்தோடு வந்தார். 1938 ஜூன் 23 அன்று மலைகளுக்கு மேலே பறந்தபோது கீழே காட்டுக்குப் பதிலாக வேலி, வாய்க்கால், பாத்தி கட்டிய தோட்டங்கள் என்று தெரிந்தன. மத்திய ஐரோப்பாவின் விவசாய நிலம் போல இருந்தது என்று எழுதினார். இதற்குப் பக்கத்து மேற்கு டானிப் பகுதிகளை 1920களிலேயே, அன்று தீவின் இந்தப் பாதியை ஆண்ட டச்சுக்காரர்கள் எட்டியிருந்தார்கள், இந்தப் பெரிய பள்ளத்தாக்குதான் தப்பியிருந்தது.

விமானம் 3,200 மீட்டருக்கு மேலே இருக்கும் ஹாபெமா ஏரியில் இறங்கியது, அந்தக் காலத்துக்கு அது பெரிய சாகசம். டச்சுச் சிப்பாய்கள் தரைவழியாகப் பள்ளத்தாக்குக்குள் நடந்தார்கள். அந்த நடையில் சிப்பாய்களின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு டானி மனிதர் இறந்தார். பயணக்குழு வெளியிட்ட கட்டுரைகளில் அந்தச் சாவு மழுப்பலாகத்தான் வருகிறது. எலிகளுக்கும் செடிகளுக்கும் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. "கண்டுபிடிப்பு" என்ற சொல்லை நான் தவிர்ப்பதற்கு அந்த ஒரு சாவே போதும்.

"ஷாங்ரி-லா" என்ற பெயர் எப்படி வந்தது?

1944 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஹாலந்தியாவை (இன்றைய ஜெயபுரா) ஜப்பானியரிடமிருந்து பிடித்து ஒரு பெரிய தளமாக்கியது. அங்கிருந்து உள்நாட்டு மலைகளுக்கு மேலே வழி தேடிப் பறந்த ரே எல்ஸ்மோர் என்ற கர்னல் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்தார், முதல் ஆள் தான்தான் என்றே நினைத்தார், ஆர்ச்போல்ட் ஏற்கெனவே வந்துபோனது பிறகுதான் தெரிந்தது. கூடப் பறந்த பத்திரிகையாளர்கள், ஆங்கில நாவல் ஒன்றில் வரும் போரே இல்லாத கற்பனை மலையூரின் பெயரை இதற்கு வைத்தார்கள். கீழே வேலியோரம் உயரமாகக் கட்டியிருந்த காவல் கோபுரங்கள் எதற்கு என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நாள்தோறும் எதிரியை எதிர்பார்த்து ஆள் ஏறி உட்காரும் கோபுரங்கள் அவை! பல நூறு அடி உயரத்திலிருந்து பார்த்தால் எந்த ஊரும் அமைதியாகத்தான் இருக்கும்.

1945 விமான விபத்து என்ன?

உல்லாசப் பயணம், அவ்வளவுதான். ஹாலந்தியாவில் சலித்துப்போயிருந்த சிப்பாய்களும் பெண்கள் படைப்பிரிவினரும் அந்தப் பள்ளத்தாக்கை மேலிருந்து சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். 1945 மே 13, ஞாயிற்றுக்கிழமை. 'கிரெம்லின் ஸ்பெஷல்' (Gremlin Special) என்ற சி-47 விமானத்தில் 24 பேர், அதில் 9 பெண்கள். மேகத்துக்குள் நுழைந்த விமானம் மலைச்சரிவில் மோதித் தீப்பிடித்தது. ஐந்து பேர் உயிரோடு வெளியே வந்தார்கள், அவர்களில் இரண்டு பெண்கள் தீக்காயத்தால் சீக்கிரமே இறந்தார்கள். மிஞ்சியது மூவர்: கார்ப்பொரல் மார்கரெட் ஹேஸ்டிங்ஸ், சார்ஜென்ட் கென்னத் டெக்கர், லெப்டினன்ட் ஜான் மெக்கொலம். மெக்கொலமின் இரட்டைச் சகோதரர் அதே விமானத்தில் இறந்துபோனார். தம்பியா அண்ணனா என்று பிரித்துச் சொல்ல முடியாத இரட்டையர்கள். டெக்கருக்கு அன்று பிறந்தநாள்.

காயத்தோடு ஓடை வழியாகக் கீழே இறங்கி, மிட்டாய்களைத் தின்றுகொண்டு, மூன்று நாள் கழித்து ஒரு வெட்டவெளித் தோட்டத்துக்கு வந்து படுத்ததும்தான் தேடிவந்த விமானத்தின் கண்ணில் பட்டார்கள். அதே நாளில் அந்தத் தோட்டத்துக்காரர்களும் வந்துவிட்டார்கள், கையில் கல் கோடரியோடு.

முதலில் பாராசூட்டில் குதித்தவர்கள் இரண்டு பிலிப்பினோ மருத்துவச் சிப்பாய்கள், பெஞ்சமின் புலாத்தாவோவும் கமிலோ ராமிரெஸும். மரமும் பாறையுமாக இருந்த இடம், குதித்தால் கால் உடையலாம், கீழே இருக்கிறவர்கள் ஈட்டியோடு வரலாம், தெரிந்தேதான் குதித்தார்கள். அழுகத் தொடங்கியிருந்த காயங்களைச் சுத்தம் செய்து, ஹேஸ்டிங்ஸின் கால்களைக் காப்பாற்றியது அவர்கள்தான். கேப்டன் எர்ல் வால்டரின் தலைமையில் மொத்தம் பத்து பிலிப்பினோ வீரர்கள் இறங்கினார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு ஹேஸ்டிங்ஸின் அழகைப் பற்றி எழுதவே இடம் சரியாக இருந்தது, இவர்களுக்கு ஏதோ ஓர் ஓரத்தில் இரண்டு வரி.

இறந்தவர்களை மலையிலேயே புதைத்தார்கள். இருபது சிலுவைகளையும் ஒரு தாவீது நட்சத்திரத்தையும் விமானத்திலிருந்து போட்டார்கள். இறுதிச் சடங்கின் ஜெபமும் மேலே வட்டமடித்த விமானத்திலிருந்து ரேடியோவில்தான் வந்தது.

ஒரு ஹெலிகாப்டரை அனுப்பியிருக்கலாமே?

1945இன் ஹெலிகாப்டருக்கு அந்த உயரமும் அந்தத் தூரமும் தாங்காது. நடந்து வரலாம் என்றால் ஹாலந்தியா சுமார் 240 கிலோமீட்டர், வழியில் சதுப்பு, காட்டில் ஒளிந்திருந்த ஜப்பானிய வீரர்கள், போதாக்குறைக்குக் காயம்பட்ட மூவர். விமானம் இறங்கித் திரும்ப ஏற ஓடுபாதை கிடையாது.

கடைசியில் பிடித்த வழி கிளைடர். வாகோ என்ற இயந்திரம் இல்லாத விமானம், இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. அதை இழுத்துவந்து பள்ளத்தாக்கில் விட்டுவிடலாம், அது வழுக்கி இறங்கிவிடும். ஏறுவதுதான் கஷ்டம். தரையில் இரண்டு கம்பம் நட்டு, துணி காயப்போடும் கொடி மாதிரி நடுவில் நைலான் கயிற்று வளையத்தைக் கட்டுவார்கள். வளையத்தின் மறுமுனை கிளைடரின் மூக்கில். சி-47 விமானம் கம்பத்தின் உயரத்துக்குத் தாழப் பறந்து வந்து, வாலுக்கடியில் தொங்கும் கொக்கியால் அந்த வளையத்தைக் கவ்விக்கொண்டு மேலே போகும். நைலான் நீளும், விமானத்துக்குள் இருக்கும் உருளை பிரேக் பிடித்தபடியே கம்பியை விட்டுக்கொடுக்கும், அதனால்தான் கிளைடரின் மூக்கு பிய்ந்துபோகாமல் ஒரு சில நொடியில் அது தரையை விட்டு எழும்புகிறது. தாழ்வான நிலத்தில் பழகிய வித்தை. காற்று மெலிந்த இந்த உயரத்தில், நாலு பக்கமும் மலை இருக்கும் கிண்ணத்துக்குள் செய்து பார்த்தவர் யாரும் இல்லை.

ஜூன் 28 அன்று மூவரும் ஏறினார்கள். தரையில் கிடந்த ஒரு சரக்குப் பாராசூட் சக்கரத்தில் சிக்கி, கிளைடரின் அடித்துணியைக் கிழித்தது. காலுக்குக் கீழே ஓட்டை, அதன் வழியாகக் காடு தெரிகிறது, அப்படியே மலையைத் தாண்டிப் பறந்தார்கள். மிச்சம் பேரை ஜூலை 2க்குள் இதே மாதிரி தூக்கிவிட்டார்கள். விபத்திலிருந்து அந்த மூவர் வெளியேறியது வரை 46 நாள்.

அந்த ஊர்க்காரர்கள் இவர்களை என்னவென்று நினைத்தார்கள்?

எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி இது. ஊர்ப் பெரியவர்கள் பிற்காலத்தில் சொன்ன நினைவுகளில் 'உலுவாயெக்' என்றொரு பழங்கதை வருகிறது. வானத்தில் வாழும் ஆவிகள் முன்பொரு காலத்தில் ஒரு கயிற்றைப் பிடித்துக் கீழே இறங்கிவந்து பன்றியையும் பெண்களையும் தூக்கிக்கொண்டு போனார்களாம், பொறுக்கமுடியாமல் ஊரார் கயிற்றை அறுத்துவிட்டார்களாம். என்றாவது ஒரு நாள் அவர்கள் வேறு வழியில் திரும்பி வருவார்கள், அன்றோடு பழைய வாழ்க்கை முடிந்தது என்பது கதையின் கடைசி. இப்போது யோசித்துப் பாருங்கள், மேலிருந்து இரைச்சலோடு ஒன்று வந்து விழுகிறது, எரிகிறது, அதிலிருந்து வெளுத்த தோலோடு மூன்று பேர் நடந்து வருகிறார்கள், பின்னாலேயே இன்னும் சிலர் கயிற்றில் தொங்கியபடி வானத்திலிருந்து இறங்குகிறார்கள்.

அந்த மூவருக்கு உதவிய தலைவரின் பெயர் விமாயுக் வாண்டிக். அமெரிக்கர்கள் அவருக்கு 'பீட்' என்று ஒரு பெயர் வைத்துக்கொண்டு அதையே கூப்பிட்டார்கள். வாண்டிக் தரப்பில் பார்த்தால் விருந்தாளிகள் ஆவிகள், அமெரிக்கர் தரப்பில் பார்த்தால் ஊரார் காட்டுமிராண்டிகள். இரண்டு பக்கமும் தப்பு. ஆனாலும் யாரும் யாரையும் கொல்லவில்லை.

நரமாமிசம் சாப்பிடுவார்கள் என்று பயந்தார்களாமே?

பயந்தார்கள். மூவர் மேலும் யாரும் கை வைக்கவில்லை, அவர்களோடு பன்றி இறைச்சியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும்தான் பேச்சு.

டானிகளின் போர் உண்மையான போரா, சடங்கா? ஆள் அதிகம் சாகாத "விளையாட்டுப் போர்" என்று சொல்கிறார்களே?

பாதி உண்மை, ஆபத்தான பாதி. வயல் ஓரத்தில் ஓர் இடம், இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட போர்க்களம். காலையில் ஒரு பக்கம் சவால் விடும், மறுபக்கம் ஏற்கும், நூற்றுக்கணக்கான ஆண்கள் இறகு சூடி, பன்றிக்கொழுப்பு பூசி வருவார்கள். முன்வரிசை கொஞ்ச நேரம் மோதும், பின்வாங்கும், வேறு வரிசை வரும். நீளமான ஈட்டி, அப்புறம் வில் அம்பு. அம்பில் இறகு கட்டுவதில்லை, அதனால் குறி தவறிக்கொண்டே இருக்கும், பார்த்துக்கொண்டே ஒதுங்கவும் முடியும். மழை வந்தால் அலங்காரம் நனைந்துவிடும் என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். சாயங்காலம் தூரத்திலிருந்து ஒருவரை ஒருவர் திட்டிக் கேலி பேசுவதும் உண்டு, எதிராளியின் குடும்ப விவகாரமெல்லாம் தெரியுமே. பார்க்கிறவனுக்கு விளையாட்டாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் காரணத்தைப் பாருங்கள். சண்டை பெரும்பாலும் பன்றித் திருட்டிலோ பெண் விவகாரத்திலோ தொடங்கும். ஒருவர் செத்துவிட்டால் அவருடைய ஆவி பழிவாங்கப்படும் வரை அடங்காது, தோட்டம் விளையாது, பன்றி நோயில் சாகும், ஆளுக்குக் காய்ச்சல் வரும் என்பது நம்பிக்கை. எதிரியில் ஒருவர் விழுந்தாக வேண்டும், அது யாராக இருந்தாலும் பரவாயில்லை. களத்தில் கிடைக்காத அந்த ஒரு ஆளை, தண்ணீர் எடுக்கப் போன பெண்ணையோ தனியாகப் பன்றி மேய்த்த பையனையோ பதுங்கித் தாக்கி எடுத்துக்கொள்வார்கள். இரண்டு பக்கக் கணக்கும் ஒருநாளும் நேராகாது.

இதற்கு மேலே இன்னொரு வகைப் போர் இருக்கிறது. பல வருடம் அமைதியாகக் கூட்டணியில் இருந்தவர்களே ஒருநாள் உடைந்து மோதுவது. 1966 ஜூன் 4 விடியற்காலையில் ஒரு பக்கத்தார் சொல்லாமல் கொள்ளாமல் குடியிருப்புகளுக்குள் புகுந்து தீ வைத்தார்கள். ஆண், பெண், குழந்தை என்று 125 பேர் வரை செத்தார்கள். அங்கே வேலை செய்த மானிடவியலாளர் கார்ல் ஹைடர் இதை எழுதி வைத்திருக்கிறார். முதலில் சடங்குப் போரை மட்டும் பார்த்தவர், ஆகவே அவருக்கே இது அதிர்ச்சிதான். ஆறு மாதம் தங்கிப் பார்த்துவிட்டு "இவர்கள் போர் இப்படித்தான்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இந்தத் தேதிதான் நினைவுக்கு வரும்.

பெண்களின் விரலை வெட்டுவார்களா?

வெட்டினார்கள். போரில் ஒருவர் செத்தால் அவருடைய ஆவியைச் சமாதானப்படுத்த, உறவுக்காரச் சிறுமிகளின் ஓரிரு விரல் கணுக்களை முழங்கையில் தட்டி மரத்துப்போகச் செய்து கல் ஆயுதத்தால் துண்டித்தார்கள். அந்த வழக்கம் நின்றுவிட்டது, வயதான பாட்டிகளின் கைகளில் மட்டும் இன்னும் பார்க்கலாம். போரை முடிவு செய்தது ஆண்கள், விரல் போனது பெண் குழந்தைகளுக்கு. இதைப் பண்பாடு என்று சொல்லி மெச்ச என்னால் முடியாது.

அப்போ "கற்கால மனிதர்கள்" என்பது சரிதானே?

கருவி கல், அவ்வளவுதான். பக்கத்துப் பப்புவா நியூகினியின் கூக் சதுப்பில் ஏறத்தாழ 7,000 ஆண்டுக்கு முந்தைய விவசாயத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன, இப்போது அது உலகப் பாரம்பரியச் சின்னம். பாலியெமில் தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டி, அதில் சேரும் சேற்றையே வாரிப் பாத்தியில் போட்டு, சர்க்கரைவள்ளியைப் பயிரிட்டார்கள். உப்புக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள் பாருங்கள், அதுதான் அழகு: வாழைத்தண்டை நார் நாராக அடித்து, மலைமேல் இருக்கும் உப்பு ஊற்றில் ஊறவைத்து, காயவைத்து எரித்தால் மிஞ்சும் சாம்பல்தான் உப்பு. கடல் பல நாள் நடைத் தூரம், ஆனாலும் கடல் சோழி கைமாறிக் கைமாறி மலைமேல் வந்து செல்வமாக மதிக்கப்பட்டது. நாம் தாயம் விளையாட உருட்டுகிற அதே சோழி. 1945இல் அமெரிக்கர்கள் இதைத் தெரிந்துகொண்டு சோழியைக் கூலியாகக் கொடுத்தார்கள், விமானத்தில் வரும் சோழிக்கு நடை ஏது.

பெண்கள் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடும் நோக்கென் என்ற பின்னல் பை இன்றும் எல்லாத் தோளிலும் உண்டு, யுனெஸ்கோ 2012இல் அதைப் பட்டியலில் சேர்த்தது.

1961இல் ஆவணப்படம் எடுக்கப் போன குழு, படத்துக்காகப் போரை மூட்டிவிட்டதா?

ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகம் அனுப்பிய குழு அது, ராபர்ட் கார்ட்னரின் தலைமையில். மூட்டிவிட்டார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் போர் நடக்கும் இடமாகத் தேடிப் போய்த் தங்கினார்கள், தடுக்கவில்லை, அதுவே டச்சுக்காரர்களுக்குக் கோபம். குழுவில் ஒலிப்பதிவு செய்த மைக்கேல் ராக்ஃபெல்லர் அதே ஆண்டு நவம்பரில் தெற்குக் கடற்கரை அஸ்மத் பகுதியில் காணாமல் போனார், அது தனிக்கதை.

அந்தப் போர்களை யார் நிறுத்தியது?

விமானம் என்றுதான் சொல்ல வேண்டும். 1954 ஏப்ரல் 20 அன்று ஒரு மிஷனரி அமைப்பின் கடல் விமானம் பாலியெம் ஆற்றிலேயே வந்து இறங்கியது. மறு ஆண்டே அந்த விமானம் மலையில் மோதி விமானி இறந்தார், ஆனால் வரவு நிற்கவில்லை. சரிவான மலைக்காட்டில் ஊரார் தோண்டிச் சமன் செய்த குட்டி ஓடுபாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மேட்டைப் பார்த்து இறங்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்து ஏற வேண்டும். 1956இல் டச்சுக்காரர்கள் வமெனாவில் அலுவலகம் போட்டார்கள். இரும்புக் கோடரி வந்ததும் கல் கோடரியின் மதிப்பு சரிந்தது, போலீஸ் வந்ததும் போர்க்களங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1966 படுகொலை இதற்கெல்லாம் அப்புறம்தான் நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

அப்புறம் அமைதிதானே?

இல்லை. 1963 மே 1 அன்று நிர்வாகம் இந்தோனேசியாவிடம் போனது. 1969இல் "சுதந்திரத் தேர்வு" என்ற பெயரில் பொறுக்கி எடுத்த ஆயிரத்துச் சொச்சம் பேரைக் கைதூக்க வைத்து இணைப்பை உறுதி செய்தார்கள். 1970களின் தொடக்கத்தில் 'ஆபரேஷன் கொத்தேகா': டானி ஆண்கள் அணியும் சுரைக்குடுக்கை உறையைக் கழற்றிவிட்டுக் கால்சட்டை போட வைக்கும் இயக்கம். துணி கொடுத்தார்கள், சோப்பு கொடுக்கவில்லை, சொறி சிரங்குதான் மிச்சம் என்று அன்றே சொன்னார்கள்.

1977இல் மலைநாட்டில் கிளர்ச்சி வந்தபோது ராணுவம் தரையிலும் வானத்திலிருந்தும் தாக்கியது. ஆசிய மனித உரிமை ஆணையம் 2013இல் வெளியிட்ட அறிக்கையில் கொல்லப்பட்ட 4,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இருக்கின்றன. மழை வந்தால் நின்றுவிடும் போர் எங்கே, இது எங்கே.

2018 டிசம்பரில் பக்கத்து ந்துகா பகுதியில் நெடுஞ்சாலைப் பாலம் கட்டிய தொழிலாளர்களை, பப்புவாவின் விடுதலை கேட்டுப் போராடும் ஆயுதக் குழுவினர் கொன்றார்கள், அதற்குப் பின் நடந்த ராணுவ நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் ஓடினார்கள். 2023 பிப்ரவரி 7 அன்று அதே ந்துகாவில், பாரோ ஓடுபாதையில் இறங்கிய ஒரு குட்டி விமானத்தை எரித்துவிட்டு, நியூசிலாந்து விமானியைப் பிணையாகப் பிடித்துப் போனார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல் கழித்து 2024 செப்டம்பர் 21 அன்றுதான் விட்டார்கள். விமானத்தை ஏன் குறிவைக்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு: அங்கே அரிசி, ஆசிரியர், மருந்து, ராணுவம் எல்லாம் அதே விமானத்தில்தான் வருகின்றன. பிடிபட்ட விமானிக்கு அந்த அரசியலில் எந்தப் பங்கும் இல்லை என்பதும் உண்மைதான்.

இப்போதும் விமானம்தானா? சாலை வரவில்லையா?

ஜெயபுராவிலிருந்து சாலை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், துண்டு துண்டாகப் போகலாம், நம்ப முடியாது. சிமென்ட் மூட்டை முதல் பெட்ரோல் வரை விமானத்தில் ஏறுவதால் விலை கடற்கரையைவிடப் பல மடங்கு. 2015 ஆகஸ்ட் 16 அன்று ஜெயபுராவின் செந்தானி விமான நிலையத்திலிருந்து ஒக்சிபில் என்ற மலையூருக்குப் போன விமானம் மலையில் மோதி 54 பேரும் இறந்தார்கள், அதில் ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுக்க அரசு அனுப்பிய 650 கோடி ரூபியா ரொக்கமும் இருந்தது. காசு அனுப்பக்கூட வேறு வழி இல்லை.

போய்ப் பார்க்கலாமா?

நிலவரம் அமைதியாக இருக்கும்போது போகிறார்கள். வெளிநாட்டவர் போலீஸிடம் 'சுராத் ஜாலான்' என்ற பயண அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், போகும் முன் அன்றைய நிலவரத்தைக் கட்டாயம் விசாரியுங்கள். 1989 முதல் ஆகஸ்டை ஒட்டி பாலியெம் திருவிழா நடத்துகிறார்கள், ஊர் ஊராக அணிவகுத்து வந்து போர் நடித்துக் காட்டுவார்கள். யாரையாவது படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள், பணம் கேட்டால் கொடுங்கள், இத்தனை வருடம் இலவசமாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். செந்தானியிலிருந்து வமெனாவுக்கு முக்கால் மணி நேரம். காலை விமானத்திலேயே இடம் பிடியுங்கள், மதியத்துக்கு மேல் மேகம் கணவாயை மூடிவிடும்.